பொன்வரிக் கரும்பும் பொல்லாத என் நாக்கும்

தலைமைக் கதிரையில் வீற்றிருக்கும், செயலில் சிங்கமும் சொல்லில் சிக்கனமுமான, மருதடிக்குளம் கரும்புச் செய்கையாளர் சங்கத் தலைவர் செல்வராசா அண்ணை அவர்களே! வவுனியாவில் இருந்து மோட்டார் சைக்கிளில் புழுதி குளித்து வந்து, அந்தப் புழுதியோடேயே மேடையை அலங்கரிக்கும் விவசாயப் போதனாசிரியர் யோகநாதன் அவர்களே! முன்வரிசையில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, 'இவன் எப்போது முடிப்பான்' என்று இப்போதே ஏங்கத் தொடங்கிவிட்ட பெரியோர்களே! அடுப்பில் சாற்றுக் கிடாரத்தை ஏற்றிவிட்டு, ஒரு கண்ணை அங்கேயும் ஒரு காதை இங்கேயும் வைத்திருக்கும் தாய்மார்களே! குளத்தை நம்பி யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்களே! உயிரை மட்டும் ஏந்திக்கொண்டு மலைநாட்டில் இருந்து வந்தவர்களே! ஒரே வாய்க்காலில் வாய் கொப்பளிக்கும் என் உடன்பிறப்புகளே! உங்கள் அனைவருக்கும் செயலாளர் பரமேஸ்வரனின் சிரம் தாழ்ந்த வணக்கம்!

தலைவர் எனக்குத் தந்தது பதினைந்து நிமிடம். வணக்கம் சொல்லியே இரண்டு நிமிடம் போய்விட்டது. யாரது பின்னால், 'மூன்று' என்று திருத்துவது? சரி ஐயா, மூன்று!

இன்று எண்பத்து மூன்றாம் ஆண்டுத் தை மாதத்தின் இனிய நாள். இன்று காலை எங்கள் சங்கத்தின் ஆலை முதன்முதலாகக் கரும்பைக் கடித்தது. இயந்திரம் இருமியது, செருமியது, பிறகு சிரித்தது! சாறு வந்தது. சாறு என்றால் சாதாரணச் சாறா? வாளி நிரம்பி வழிந்து, வழிந்ததை நக்க வந்த நாயும் நகர மறுத்த சாறு! இந்த இனிப்புக்கு வாழ்த்துரை வழங்கு என்று என்னை ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் சபையோரே, நான் வாழ்த்த வரவில்லை. வாக்குமூலம் கொடுக்க வந்திருக்கிறேன்.

பொலிஸ் எங்கே என்று பார்க்காதீர்கள். நான் களவெடுக்கவில்லை. பேசினேன், அவ்வளவுதான். ஆனால் நான் பேசிய ஒரு பேச்சால் பதினொரு ஏக்கர் கரும்பு பாழாய்ப் போனது. எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன்.

எண்பத்தோராம் ஆண்டு பங்குனி மாதம். விதைக்கரும்பு ஏற்றிக்கொண்டு தெற்கே இருந்து ஒரு லொறி வந்தது. தோகையோடு வெட்டிய கட்டுக்கள், மலைபோல. அது எந்தத் தோட்டத்துக் கரும்பு, சுகமான தோட்டமா, சுகவீனமான தோட்டமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டியவன் யார்? செயலாளர். செயலாளர் யார்? உங்கள் முன்னால் நிற்கிறேன்.

முதலில் இறங்கி எடுத்தவர் வீரகத்தி அண்ணை. அவரை அறியாதவர் இங்கே உண்டா? பட்ட கம்பை நட்டாலும் துளிர்க்கும் கை அவருடைய கை. வெங்காயமா, மிளகாயா, எதை அவர் நட்டாலும் மறுநாள் முழுக் குடியேற்றமும் அதையே நடும். அவர் தடித்த தடியாகப் பார்த்துத் தூக்கினார். நாங்களும் தூக்கினோம். சம்பந்தி வீட்டுப் பந்தியில் வடைக்குப் பாய்வது போலப் பாய்ந்தோம்.

கடைசியாக வந்தவள் ராக்காயி. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லய வீடு எரிந்தபின், கணவன் சங்கிலியோடும் கட்டிய சேலையோடும் வன்னிக்கு வந்தவள். வாய்க்காலின் கடைசியில், பற்றைக்காடு தாண்டி, அரை ஏக்கர் அவளுக்கு. அவள் பாயவில்லை. ஒவ்வொரு தடியாக எடுத்தாள். தோகையைப் பிரித்தாள். குருத்திலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒன்றை வைத்தாள், மூன்றை வீசினாள்.

எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீரகத்தி அண்ணை கேட்டார்: "என்ன பிள்ளை, கரும்புக்குச் சாதகம் பாக்கிறியோ?"

அவள் சொன்னாள்: "தாயி சீக்கா இருந்தா புள்ளையும் சீக்குத்தாங்கய்யா. இந்தக் குருத்தப் பாருங்க, திட்டுத் திட்டா வெளுத்துக் கெடக்கு. நான் பதினாலு வருசம் தவறணையில வேல பாத்தவ."

தவறணை என்றதும் எங்களில் சிலருடைய முகம் மலர்ந்தது. ஏன் இப்போதும் மலர்கிறது? நீங்கள் நினைக்கும் கள்ளுத் தவறணை அல்ல ஐயா, தேயிலை நாற்றுத் தவறணை! தாய்ச்செடியில் துண்டு வெட்டி நாற்று வளர்க்கும் இடம். சீக்கான செடியில் துண்டு வெட்டினால் மலையே சீக்காகும் என்று, பதினான்கு வருடம் இலை பார்த்துப் பழகிய கண் அது. அந்தக் கண்ணை நாங்கள் மதித்தோமா? இல்லை. அவள் வீசியதையும் பொறுக்கிக்கொண்டு போய் நட்டோம்!

மூன்று மாதம் போனது. ஆனி பிறந்தது. வீரகத்தி அண்ணையின் மூன்று ஏக்கரிலும் இலைகள் நிறம் மாறின. பச்சை இலையில் மஞ்சள் கீற்று, வெளிர்பச்சைத் திட்டு, நரம்போரம் நரம்போரமாகக் கோடு. இலையைக் கொண்டு வந்து என் கையில் தந்து, "பரமேஸ், உதென்னெண்டு சொல்லு பாப்பம்" என்றார்.

எனக்குத் தெரியாது. 'தெரியாது' என்பது மூன்றே எழுத்தா, நான்கே எழுத்தா? நான்குதான். அந்த நான்கு எழுத்தைச் சொல்ல இந்த நாவுக்கு வரவில்லை! மேடை கிடைத்தது, ஒலிபெருக்கி கிடைத்தது, ஆனி மாதக் கூட்டத்தில், இதே பாடசாலை வளவில், ஏறி நின்று முழங்கினேன்: "பச்சைப் பட்டில் பொன்னிழை ஓடினால் அது பழுதா? கூறைச் சேலையில் சரிகை மின்னினால் அது கறையா? இது நோயல்ல நண்பர்களே, புது இனம்! பொங்கும் வன்னிக்குப் பொலிவு தர வந்த பொன்வரிக் கரும்பு!"

என்ன கைதட்டல்! மரத்தில் இருந்த காகம் எழுந்து பறந்தது. அன்று தட்டியவர்களில் ஒருவரையும் இன்று காணவில்லை. எல்லோரும் அன்றைக்கு ஓமந்தைச் சந்தைக்குப் போயிருந்தீர்களாம். நல்லது.

கைதட்டல் அடங்கியபின் ஒரு குரல் எழுந்தது. ராக்காயி எழுந்து நின்றாள். "ஐயா, பட்டுச் சேலைன்னா உடுத்திக்கலாங்க. இது எலைங்க. பச்சை இருக்கிற எடத்துலதாங்க செடி சோறு ஆக்கும். பச்சை போன எடத்துல எப்புடிங்க ஆக்கும்?"

எவ்வளவு எளிமையான கேள்வி! எவ்வளவு நியாயமான கேள்வி! அதற்கு இந்த நாவலன் என்ன பதில் சொன்னான் தெரியுமா? "தேயிலை தின்ற வாய்க்குக் கரும்பு கசக்கத்தான் செய்யும்!" என்றேன். சபை சிரித்தது. அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

சபையோரே, அந்தச் சிரிப்பு என் காதில் இன்னும் நிற்கிறது. ஊரில் நான் வாங்கிய சிரிப்பிலேயே சிறுமையான சிரிப்பு அது.

அதோடு முடிந்ததா? பொன்வரி நல்ல இனம் என்று செயலாளரே சொல்லிவிட்டார் அல்லவா? இடைவெளி இருந்த இடமெல்லாம் வரி விழுந்த தூரில் இருந்தே துண்டு வெட்டி நட்டார்கள். எட்டு ஏக்கரில் இருந்த நோய் பதினொரு ஏக்கருக்குப் போனது. மாட்டு வண்டியில் போகவேண்டிய வியாதியை மைக்கில் ஏற்றி அனுப்பினேன் நான்!

ஆடி வந்தது, கரும்பு ஆடவில்லை. ஆவணி வந்தது; அசையவில்லை. கணுவுக்குக் கணு இரண்டு விரல் இடைவெளி. கொக்கின் கால் போல மெலிந்த தடி. பசளை போதாது என்று யூரியா போட்டார் வீரகத்தி அண்ணை. புல் வளர்ந்தது. நாவூறு, கண் பட்டுவிட்டது என்றார் ஒருவர். உடனே வரப்புக்கு வரப்பு வெருளிப் பொம்மை. என்னுடைய பழைய சேட்டும் ஒரு வெருளிக்குப் போனது. அதைப் பார்த்து இரண்டு பேர், "செயலாளர், கூட்டம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்களாம்!

சிரியுங்கள், சிரியுங்கள். அப்போது நாங்கள் சிரிக்கவில்லை. ஆலை வாங்கியாயிற்று. அதற்குக் கரும்பு இல்லை என்றால் இந்தக் குடியேற்றத்தில் எத்தனை அடுப்பு அணையும்?

ஒரு நாள் வீரகத்தி அண்ணை வீட்டு முற்றத்தில் நாலைந்து பேர் கூடி நின்றோம். அவருடைய மனைவி நாகேஸ்வரி அக்கா, யாருக்கும் சொல்லாமல் வாய்க்கால் கடைசிவரை நடந்துபோய், ராக்காயியிடம் ஒரு கரும்பு கேட்டு வாங்கி வந்திருந்தா. கைப்பிடியில் சுற்றும் சிறிய பிழிகருவி ஒன்று அவர்கள் வீட்டில் உண்டு. அதில் ராக்காயியின் கரும்பை விட்டுச் சுற்றினா. கிளாஸ் நிறைந்தது. அதே நீளத்தில் கணவரின் பொன்வரியை விட்டுச் சுற்றினா. கிறீச் கிறீச் என்று கருவி அழுதது. கிளாசின் அடி நனைந்தது.

இரண்டு கிளாசையும் கணவர் முன்னால் வைத்தா. "இஞ்சாருங்கோ, உதைக் கரும்பெண்டு சொல்லுறதோ, விறகெண்டு சொல்லுறதோ?"

வீரகத்தி அண்ணை கிளாசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இவன்தான் பொன்வரியெண்டு சொன்னவன்" என்றார். நான் எங்கே பார்ப்பது? வேலியைப் பார்த்தேன்.

அதேநேரம் ராக்காயி சும்மா இருக்கவில்லை. வரி விழுந்த இலைகளை ஈரச்சாக்கில் சுற்றிச் சங்கிலியிடம் கொடுத்து, வவுனியாவுக்கு அனுப்பினாள். சங்கிலி சைக்கிளில் போனார். விவசாயக் கந்தோரில் யோகநாதன் ஐயா இல்லை. மறுநாளும் போனார். அன்றும் இல்லை. மூன்றாம் நாள் கந்தோர் வாசலிலேயே சாக்கை நனைத்து நனைத்துக் காத்திருந்து, ஐயாவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார். நாங்கள் வெருளிக்குச் சேட்டுப் போட்ட வாரத்தில் அவர் செய்த வேலை இது!

புரட்டாதியில் ஐயா வந்தார். தோட்டம் தோட்டமாக நடந்தார். இலையைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த சின்னஞ்சிறு பூச்சிகளைக் காட்டினார். "இது தேமல் நோய். வைரசுக் கிருமி. கண்ணுக்குத் தெரியாது. நோய்த் துண்டை நட்டா வரும். இந்த அழுக்கணவன் பூச்சி ஒரு இலையில உறிஞ்சி மற்ற இலையில குத்தினாலும் வரும். வரப்பில நட்ட சோளமும் அதுக்கு நல்ல இருப்பிடம்."

"தெளிக்க மருந்து ஒண்டும் இல்லையோ ஐயா?" என்று கேட்டேன்.

"தெளிக்கலாம். கண்ணீர் தெளிக்கலாம். வேற ஒண்டுமில்லை. வேரோட கிண்டி எடுத்து எரிக்கவேணும். பிறகு சுகமான விதைக்கரும்பு நடவேணும். உங்கட குடியேற்றத் திட்டத்தில சுகமான கரும்பு நிக்கிறது ஒரேயொரு இடத்தில. வாய்க்கால் கடைசியில."

அந்தக் கரும்பிலும் மூன்று தூர் வரி போட்டதாம். கண்ட அன்றே ராக்காயி கிண்டி எரித்துவிட்டாளாம். பற்றைக்காடு நடுவில் நின்றதும் நல்லதாய்ப் போயிற்று என்றார் ஐயா.

இப்போது நாங்கள் போகவேண்டிய இடம் எது? யாரைப் பார்த்துச் சிரித்தோமோ அவளுடைய வாசல்! தலைவர் முன்னே போனார். வீரகத்தி அண்ணை நடுவே. நான் கடைசியில், இரண்டு பேருடைய முதுகுக்குப் பின்னால், முடிந்த அளவு மெலிந்து.

தலைவர் விஷயத்தைச் சொன்னார். அரை ஏக்கர்க் கரும்பையும் தையில் விதைக்காக வெட்டித் தந்தால் ஐந்து ஏக்கர் நடலாம். ஆனால் அவர்களுடைய முதல் விளைச்சல் அவர்களுக்கு இல்லை.

சங்கிலி தரையைப் பார்த்தபடி கேட்டார்: "அப்ப நாங்க என்னத்தத் திங்கிறது?"

ராக்காயி பற்றைக்காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அவுங்க தோட்டத்துச் சீக்கு பூச்சி ஏறி நம்ம தோட்டத்துக்கும் வரத்தாங்க போகுது. இந்தப் பத்தக்காடு எத்தன நாளைக்குத் தடுக்கும்? தாரேங்க. ஆனா ஒண்ணு. ஒரு தூரு விடாம நோண்டி எரிக்கணும். ஒரு தூரு மிஞ்சியிருந்தாலும் என் கரும்பு ஒங்களுக்கு இல்லீங்க."

நாகேஸ்வரி அக்கா பின்னால் இருந்து சொன்னா: "நீ குடு பிள்ளை. உன்ரை அடுப்பை நாங்கள் பாப்பம்."

பொன்வரி நட்ட பதின்மூன்று குடும்பமும் மண்வெட்டி எடுத்தது. நான்கு நாள் கிண்டினோம். கிண்டக் கிண்டக் குவிந்தது. ஐந்தாம் நாள் ராக்காயி பார்க்க வந்தாள். வரப்பு வரப்பாக நடந்து, வீரகத்தி அண்ணையின் கிணற்றடிக்கு வந்ததும் நின்றாள். குளிக்கிற இடத்துக்குக் கட்டிய தென்னங்கிடுகு மறைப்பு, கிழக்குப் பக்கம் கொஞ்சம் அகலமாகி இருந்தது.

"அங்கால ஒண்டுமில்லை" என்றார் வீரகத்தி அண்ணை, அவசரமாக.

நாகேஸ்வரி அக்கா முன்னே வந்தா. கிடுகைப் பிடித்து ஒரே இழுவை! உள்ளே பத்துத் தூர் பொன்வரி, பெண் பார்க்க இருத்திய மாதிரி வரிசையாக நின்றது.

பாருங்கள், அவரே இப்போது முன்வரிசையில் இருந்து சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை. விழுந்த கிடுகை எடுத்து மறுபடி நிறுத்தப் பார்த்தார். "நான் நட்டதை நானே கிண்டினதில்லை, பிள்ளை. முப்பது வருசத் தோட்டத்தில ஒருக்காலும் இல்லை. ஒரு பத்துத் தூர் நிக்கட்டுமே. ஏலாது என்னாலை."

ராக்காயி கையில் இருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "ஐயா, நெருப்புன்னா எனக்கும் பயந்தாங்க. எங்க லயம் எரிஞ்சப்ப ஒரு பான எடுக்க முடியல. அந்த நெருப்பு வச்சவங்க எங்கள அழிக்க வச்சாங்க. இது நாம பொழைக்க வைக்கிறதுங்க. ஒங்க கையாலயே எடுங்கய்யா. நான் எடுத்தா ஒங்களுக்கு மனசு ஆறாது."

கிணற்றுக் கப்பி காற்றில் மெல்ல முனகியது. வீரகத்தி அண்ணை சால்வையை இடுப்பில் இறுக்கினார். மண்வெட்டியை எடுத்தார். பத்துத் தூரையும் தன் கையாலேயே கிண்டினார். வேரை உதறினார். தானே சுமந்துபோய்க் குவியலில் போட்டார். நெருப்பையும் தானே வைத்தார். புகை எங்கள் கண்ணைக் கரித்தது. புகைதான் என்று ஆண்கள் எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

அந்த மாரி முழுவதும் நெல்லும் தேங்காயும் கருவாடும் வீட்டுக்கு வீடு புறப்பட்டு வாய்க்கால் கடைசிக்குப் போயின. எண்பத்திரண்டு தையில் அவள் தன் கரும்பை வெட்டினாள். ஒவ்வொரு தடியாக, ஒவ்வொரு இலையாகப் பார்த்துக் கொடுத்தாள். வரப்பில் சோளம் போடவில்லை. வாரத்துக்கு ஒரு முறை எல்லாத் தோட்டத்தையும் சுற்றினாள். இந்தத் தடவை வரி கண்ட தூர் மொத்தம் ஆறு. ஆறையும் அன்றே எடுத்தோம். எஞ்சிய ஐந்து ஏக்கர்க் கரும்புதான் இன்று காலை ஆலைக்கு வரத் தொடங்கியது! இப்போது கிடாரத்தில் கொதிப்பதும் அதுதான்!

அன்பானவர்களே! நோய் எங்கே இருந்தது? இலையில் இருந்ததா? இருந்தது. பூச்சியில் இருந்ததா? இருந்தது. ஆனால் அதற்கு வழி விட்டது எது? தெரியாததைத் தெரிந்தது போலப் பேசிய என் நாக்கு! தெரிந்தவள் எழுந்து நின்றபோது, அவள் எங்கிருந்து வந்தவள் என்று பார்த்து, என்ன சொன்னாள் என்று பார்க்காத எங்கள் செருக்கு! குளம் கேட்கிறதா, நீ எந்த ஊர் என்று? மண் கேட்கிறதா? மழை கேட்கிறதா? மனிதன் மட்டும் ஏன் கேட்கிறான்? அன்று அவளை வைத்துச் சபையைச் சிரிக்க வைத்தேன். இன்று அதே சபையின் முன்னால், அதே ஒலிபெருக்கியில், கை கூப்பிக் கேட்கிறேன்: ராக்காயி, என்னை மன்னித்துக்கொள்!

என்ன அங்கே சலசலப்பு? ராக்காயி ஏதோ சொல்கிறாளா? சத்தமாகச் சொல்லம்மா!

"மன்னிச்சிட்டேங்க. சீக்கிரம் முடிங்க, பாகு பதம் தப்பிரும்!"

உத்தரவு! முடிக்கிறேன். ஒரேயொரு தீர்மானம். இனி இந்தத் திட்டத்துக்குள் எந்த விதைக்கரும்பு வந்தாலும், அதைப் பார்த்து ஏற்கவும் மறுக்கவும் முழு அதிகாரம் உள்ள விதைப் பொறுப்பாளராக, சங்கத்தின் செயற்குழுவில் ராக்காயி அமரவேண்டும். முன்மொழிகிறேன். வழிமொழிபவர் யார்?

வீரகத்தி அண்ணை! கதிரை விழ விழ எழுந்து நிற்கிறார். அண்ணை, ஒரு கை போதும், இரண்டு கையையும் உயர்த்தத் தேவையில்லை! ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள். தாய்மார்கள்? எல்லோரும். பின்வரிசை? எல்லோரும். சங்கிலி, நீங்களும் உயர்த்தலாம், வீட்டில் சோறு கிடைக்கவேண்டும் அல்லவா? எதிர்ப்பவர்கள்? ஒருவரும் இல்லை. தலைவர் அவர்களே, ஏகமனது! எழுதிக்கொள்ளுங்கள்.

பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், புழுதியில் வந்த போதனாசிரியருக்கும், சாற்றைக் காய்ச்சும் தாய்மார்க்கும், என் சொல்லைச் சகித்த செவிகள் அனைத்துக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. உங்கள் தோட்டம் பச்சையாய் இருக்கட்டும், உங்கள் வீடு பொங்கட்டும்! தை வணக்கம்! ராக்காயி, நான் இறங்கிவிட்டேன். பாகைப் பார்!